முதுகுவலியோடு அலிவல் ஷோலில் முக்குளிக்கலாமா?

சாட்ஸ்வொர்த்வாசி: எனக்கு வயது 46. கீழ்முதுகில் ஒரு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. சென்ற சனிக்கிழமை டர்பனுக்குத் தெற்கே உள்ள உம்கோமாஸிலிருந்து படகில் போய், அலிவல் ஷோல் என்ற கடலடிப் பாறைத்திட்டில் இரண்டு முறை முக்குளித்தேன். தண்ணீருக்குள் வலியே இல்லை. கரைக்கு வந்த பிறகு நிமிர முடியவில்லை. ஞாயிறு முழுவதும் பாயில் கிடந்தேன். மைத்துனர் விட்டுவிடச் சொல்கிறார். சுறாக்கள் வந்து கூடும் குளிர்காலம் நெருங்குகிறது. மனம் கேட்கவில்லை.

இரவுப்பணி செவிலி: விட்டுவிடுங்கள், தம்பி, இந்தப் பருவத்துக்காவது. முக்குளிப்போருக்கான மருத்துவப் படிவத்தில், கடந்த 6 மாதங்களில் அன்றாட வேலையைத் தடுக்கும் முதுகுவலி திரும்பத் திரும்ப வந்ததா என்று கேட்கிறார்கள். ஒரு நாள் முழுக்கப் படுத்துக்கிடந்தவர் அதற்கு ‘இல்லை’ என்று எழுதலாமா? ‘ஆம்’ என்றால் மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

கடலாமை: படிவம் சரி, அக்கா. விடச் சொல்வதுதான் சரியில்லை. தண்ணீருக்குள் வலிக்கவில்லை என்று அண்ணனே எழுதியிருக்கிறார். அப்படியானால் முதுகை உடைத்தது எது? படகு! நம் கரையில் அமைதியான காயல் கிடையாது. ரப்பர் படகு அலைகளைப் பிளந்துகொண்டுதான் வெளியே போகிறது. ஒவ்வொரு அலையும் தூக்கிப் போடும் அடி நேராக முதுகெலும்பில் இறங்குகிறது. திரும்பும்போது படகு வேகமாக மணலில் ஏறி நிற்கிறதே, அது இன்னும் மோசம். முன்பக்கம் உட்காராதீர்கள், பின்பக்கத்தில் குலுக்கல் குறைவு. முதுகுவலி இருப்பதைப் படகோட்டியிடம் முதலிலேயே சொல்லுங்கள். காலியான அலுமினிய சிலிண்டரே ஏறத்தாழ 14 கிலோ. அதை நீங்கள் மணலில் சுமக்கவே கூடாது. முடிந்ததும் எல்லாரும் தண்ணீரிலேயே கழற்றி மேலே கொடுக்கிறோம். இறங்கும்போதும் தண்ணீரிலேயே மாட்டிக்கொள்ளலாம். மூழ்குவதற்கு ஈயம் எத்தனை கிலோ கட்டினீர்கள்?

உம்சிண்டோ: நீரோட்டம் இழுக்கும் நாளில் தண்ணீரில் மாட்டுவது நடக்காது. இன்னொன்று: காவடியும் சுமைதான். அதற்கு 10 நாள் விரதமிருந்து உடலைப் பழக்குகிறோம். இதற்கோ ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, சனிக்கிழமை விடியற்காலையில் சிலிண்டரைத் தூக்குகிறோம்.

சாட்ஸ்வொர்த்வாசி: 10 கிலோ. எல்லாம் இடுப்புப் பெல்ட்டில்தான். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள முக்குளிப்பு உடை.

கடலாமை: அங்கேதான் தவறு. ஈயம் கூடினால் மிதவைச் சட்டையில் காற்றைக் கூட்டுகிறீர்கள். காற்று நெஞ்சை மேலே தூக்குகிறது, பெல்ட் இடுப்பைக் கீழே இழுக்கிறது. நடுவில் கீழ்முதுகு வில்லாக வளைந்தபடி முக்கால் மணி நேரம் நிற்கிறது. ஈயத்தைக் குறையுங்கள், கொஞ்சத்தை சிலிண்டர் பட்டைக்கு மாற்றுங்கள்.

இரவுப்பணி செவிலி: ஈயம் இருக்கட்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டா இறங்கினீர்கள்?

சாட்ஸ்வொர்த்வாசி: காலையில் இரண்டு.

இரவுப்பணி செவிலி: இதற்காகத்தான் மன்றாடுகிறேன். ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழியாகித் தண்டுவடத்தைத் தாக்கினால் அதுவும் முதுகுவலியாகவே தொடங்கலாம். பிறகு வயிற்றைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும், கால் மரக்கும், சிறுநீர் பிரியாது. அப்போது தேவை 100 சதவீத ஆக்சிஜனும் அழுத்த அறையும், பாய் அல்ல. பழைய வலிதான் என்று நினைப்பவர் சிகிச்சைக்குரிய நேரத்தை இழக்கிறார். மாத்திரை அந்த அடையாளத்தையும் மறைத்துவிடும். ஞாயிறன்று கால் மரத்ததா?

சாட்ஸ்வொர்த்வாசி: இல்லை, அக்கா. சிறுநீரும் சரியாகப் பிரிந்தது. வழக்கமான இடத்தில்தான் வலித்தது. ஆனால் அன்று இதையெல்லாம் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

கடலாமை: மாத்திரை விஷயத்தில் நான் அக்கா பக்கம். ஆனால் மருத்துவர் சம்மதித்தால் கடலை விடத் தேவையில்லை என்பதில் நான் மாறவில்லை.

சாட்ஸ்வொர்த்வாசி: நேற்று அண்ணன் வீட்டு நீச்சல் குளத்தில், காற்றழுத்தம் 50 பார் மட்டுமே மிச்சமிருந்த சிலிண்டரோடு மிதந்து பார்த்தேன். கண் மட்டத்தில் நிற்க 5 கிலோ போதும். கடல்நீருக்கு 2 கூட்டினால் 7. இத்தனை காலம் 3 கிலோவை வீணாகச் சுமந்திருக்கிறேன். வியாழக்கிழமை படிவத்தோடு மருத்துவரிடம் போகிறேன். மாத்திரை தேவைப்படும் நாளில் இறங்கமாட்டேன்.

இரவுப்பணி செவிலி: மருத்துவர் சொன்னதை இங்கே எழுதுங்கள், தம்பி. அதுவரை நான் ஒப்பமாட்டேன்.