ஆணுறைக்குப் பதிலாக விந்தணுக்கொல்லி ஜெல்லி மட்டும் போதுமா?

கேள்வி:
எங்களுக்குத் திருமணமாகி ஏழு மாதங்கள் ஆகின்றன. இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குக் குழந்தை வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். கருத்தடை மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளாததால் ஆணுறையைப் பயன்படுத்தி வருகிறோம். விந்தணுக்கொல்லி ஜெல்லி இருந்தால் உறையே தேவையில்லை என்று கணவர் கருதுகிறார். இது சரியா என்று விவரமறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
சகோதரி, தயவுசெய்து உறையைக் கைவிட வேண்டாம். விந்து யோனிக்குள் சிந்தாமலே தடுப்பது ஆணுறை; உள்ளே வந்துவிட்ட விந்தணுக்களைக் கருப்பை வாயை எட்டுமுன் அழிக்க முயல்வது விந்தணுக்கொல்லி. அதில் பெரும்பாலும் இருக்கும் நோனாக்சினால்-9, சோப்பு எண்ணெய்ப் பசையைக் கரைப்பதுபோல் விந்தணுவின் மேற்சவ்வைச் சிதைக்கிறது. ஆனால் ஒருமுறை வெளிப்படும் விந்தில் கோடிக்கணக்கான அணுக்கள் இருப்பதால் எல்லாமே அதில் சிக்குவதில்லை. ஓராண்டுக் காலத்தில் விந்தணுக்கொல்லியை மட்டும் நம்பும் 100 பெண்களில் சுமார் 21 பேர் கருத்தரிக்கிறார்கள். ஆணுறையில் அது சுமார் 13, ஒவ்வொரு முறையும் பிழையின்றி அணிந்தால் வெறும் 2.

பதில் 2:
அந்த 13-க்கும் 2-க்கும் உள்ள இடைவெளி, உறையை ஒவ்வொரு முறையும் அணிகிறோமா, சரியாக அணிகிறோமா என்பதில்தான் இருக்கிறது. உறையைப் பல்லால் கிழித்துத் திறக்கக் கூடாது. நுனியை இரு விரல்களால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, விந்து தங்குவதற்கு அங்கே சிறிது இடம் விட்டபடியே அடிவரை உருட்டி அணிய வேண்டும். முடிந்ததும் விறைப்புத் தளர்வதற்கு முன்பே உறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். லேடெக்ஸ் உறையோடு எண்ணெயோ வாசலினோ சேரக் கூடாது, சில நிமிடங்களிலேயே அது வலுவிழந்துவிடும். உறை கிழிந்துவிட்டால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். ஐந்து நாட்களுக்குள் காப்பர்-டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) பொருத்துவது நல்ல பலன் தரும், மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அது ஏற்றது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் உறையோடு ஜெல்லியையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில் 3:
கருத்தடைக்குச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அடிக்கடி வேண்டாம். நோனாக்சினால்-9 யோனியின் மென்மையான உட்சவ்வை எரிச்சலூட்டிப் புண்ணாக்கக்கூடும். அந்தப் புண் வழியாக எச்ஐவி தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது. இந்தக் காரணத்தால்தான் அது பூசப்பட்ட ஆணுறைகளை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. வறட்சிதான் சிக்கல் என்றால் நீர் அடிப்படையிலான வழுவழுப்பு ஜெல்லியே போதும்.