மே 9: காலையை விட்டுவிட்டு இரவைக் காட்டலாமா?

காலிமுகத்தான்:
இலங்கையில் 2022 மே 9 அன்று நடந்த வன்முறை பற்றி ஒரு நினைவுக் காணொளி பார்த்தேன். நேராக இரவில் தொடங்குகிறது: எரியும் அரசியல்வாதி வீடுகள், கவிழ்ந்த பேருந்துகள். அன்று காலை கொழும்பில் பிரதமர் இல்லமான அலரி மாளிகையில் அப்போதைய பிரதமர் மகிந்த ராஜபக்சவின் கூட்டத்துக்கு வந்த ஆதரவாளர்கள் வெளியே வந்து, அவரை விலகச் சொல்லி வாசலில் இருந்த மைனா கோ கம போராட்டக் களத்தை அடித்து நொறுக்கினார்கள். பிறகு பொல்லுகளோடு காலிமுகத்திடலுக்குப் போய், ஜனாதிபதி கோட்டாபயவை விலகச் சொன்ன கோட்டா கோ கம போராட்டக் களத்தின் கூடாரங்களுக்குத் தீ வைத்தார்கள். காணொளியில் இதற்கு ஒரே ஒரு வரி, அதுவும் 'இரு தரப்பு மோதல்' என்று. ஒரு மாதமாக நூலகமும் சமையலும் நடத்திக்கொண்டு இருந்தவர்கள் எப்போது மோதினார்கள்?

பழைய நிருபர்:
தம்பி, காலையில் நடந்ததை ஒருவரும் ஒளிக்கவில்லை. உள்ளூர்த் தொலைக்காட்சிகளில் நேரலையாகவே போனது, பொல்லோடு ஓடினவர்களின் முகமே தெரிந்தது. எம்.பி.க்கள் சனத் நிசாந்தவும் மிலான் ஜயதிலக்கவும் அந்த மாதமே கைதானார்கள். அமுங்கிப்போனது பின்னேரக் கதைதான். ஆதரவாளர்களைப் பேருந்திலிருந்து இறக்கி அடித்தார்கள், சிலரைக் கொழும்பின் பேரை வாவி என்ற ஏரிக்குள் தள்ளினார்கள். போராட்டப் பக்கங்களில் அது பகிடிப் படமாக ஓடியது. நிட்டம்புவையில் எம்.பி. அமரகீர்த்தி அத்துகோரள தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்றுதான் முதலில் செய்தி பரவியது. கும்பல் அடித்துக் கொன்றது பிறகுதான் வெளியே வந்தது. முதல் செய்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் பகிர்ந்தார்கள்?

காலிமுகத்தான்:
கொலையை நான் நியாயப்படுத்தவில்லை அண்ணை. எது முதல், எது பிறகு என்பதைத்தான் கேட்கிறேன். காலையை வெட்டினால் இரவு சும்மா வந்த வெறியாகத் தெரியும். அவர்கள் வரும்போது பொலிஸ் தடுக்காமல் நின்றதும் அதோடு மறைந்துவிடும். மார்ச் 31 மிரிஹானையிலும் இதே கதைதான். மின்வெட்டும் எரிவாயு வரிசையும் தாங்காமல் சனம் ஜனாதிபதி வீட்டு வாசலுக்குப் போனது. விடிந்ததும் ஜனாதிபதி ஊடகப் பிரிவு அதைத் தீவிரவாதக் குழுவின் வேலை என்றது.

பழைய நிருபர்:
அரசு அறிக்கையை அப்படியே தலைப்பாக்குவது சோம்பல், அது சரி. ஆனால் போராட்டக்காரரின் கைபேசிப் படத்தை விசாரிக்காமல் போடுவதும் அதே சோம்பல்தான். உங்களுக்குச் சாதகமாக வரும்போது மட்டும் அதற்குப் பெயர் 'மக்கள் ஊடகம்'!

கிளிநொச்சியான்:
இரண்டு பேரும் கொழும்பை விட்டு இறங்குவதாக இல்லை. போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 தொடக்கம் போராட்டத்தில் இருந்தார்கள். தாக்க ஒரு கும்பல் வரவில்லை, தீ எரியவில்லை, அதனால் நேரலையும் இல்லை. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை அமர்வு நெருங்கினால் ஒலிவாங்கியோடு யாராவது எட்டிப் பார்ப்பார்கள். பிள்ளையின் படத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ அம்மா என்பார்கள், அவ்வளவுதான்.

காலிமுகத்தான்:
மே 18இல் காலிமுகத்திடலிலேயே, போரில் இறந்தவர்கள் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தோமே.

கிளிநொச்சியான்:
கொடுத்தீர்கள், சந்தோசம். நான் கேட்டது கஞ்சியை அல்ல, கேமராவை.

பழைய நிருபர்:
இவர் சொல்வதற்கு என்னிடம் மறுப்பில்லை. ஆசிரியபீடத்தில் வடக்குச் செய்தி என்றாலே "இது பழசுதானே" என்று தள்ளிவைப்பதைக் கண்ணால் கண்டவன்.

காலிமுகத்தான்:
அந்தக் காணொளிக்காரருக்கு நேர வரிசைப்படி ஒரு குறிப்பு எழுதி அனுப்பப்போகிறேன். அத்துகோரள பகுதியை நீங்களே எழுதித் தாருங்கள் அண்ணை.

பழைய நிருபர்:
தாறேன். ஆனால் பேரை வாவியை நீ வெட்டக்கூடாது.