ரிசல்ட் வரும்வரை: கொரோனா காலப் பச்சிளம் குழந்தைகள் வார்டு அனுபவங்கள்

மலைக்கோட்டை சிஸ்டர்:

2020 ஏப்ரலில் எங்கள் அரசு மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் வார்டை இரண்டாக்கினார்கள். பழைய வார்டு அப்படியே இருக்க, பக்கத்தில் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர் இரண்டு, மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுத்து மூச்சுக்கு உதவும் சிபேப் ஒன்று, சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். அதுதான் சஸ்பெக்ட் ரூம். பாசிட்டிவ் தாயின் குழந்தை மட்டுமல்ல, ரிசல்ட் வராத தாயின் குழந்தையும் அங்கேதான் வரும். வலி எடுத்து 108-ல் வந்து இறங்குகிறவரிடம் ரிசல்ட் எங்கே இருக்கும்?

32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு நுரையீரல் முதிராமல் மூச்சு இழுக்கும். கொரோனா தொற்றிய குழந்தைக்கும் மூச்சு வேகமாகத்தான் ஓடும், பால் எடுக்காது, சோர்ந்து கிடக்கும். இரத்தத்தில் கிருமி கலந்தாலும் இதே கதைதான். பார்த்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை, மூக்கில் குச்சி விட்டு சுவாப் எடுத்தே ஆகவேண்டும். அதையும் பிறந்த கையோடு எடுத்தால் தாயின் இரத்தமும் திரவமும் மூக்கில் ஒட்டியிருக்கும். பாசிட்டிவ் வந்தாலும் அது யாருடைய வைரஸ் என்று தெரியாது. அதனால் சுமார் 24 மணி நேரம் கழித்து ஒன்று, 48 மணி நேரத்தில் இன்னொன்று. அதுவரை குழந்தை சஸ்பெக்ட்.

ஒன்றேகால் கிலோ குழந்தையின் மூக்கில் ஏற்கெனவே சிபேப் குழாய் இருக்கும். அதைக் கழற்றிக் குச்சியை விட்டு எடுப்பதற்குள் மானிட்டரில் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கும், சில நேரம் இதயத் துடிப்பும் சேர்ந்து இறங்கும். ஒருவர் எடுக்க, இன்னொருவர் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு நிற்போம். குழந்தைக்குக் குளிரக் கூடாதென்று ஏசி கிடையாது. மேலே வார்மர் சூடு, உடம்பில் கவச உடை, முகத்தை மறைக்கும் ஷீல்டில் ஆவி. இரண்டு கையுறைக்கு மேல் நூல் மாதிரி ஒரு நரம்பைத் தடவிக் கண்டுபிடித்து 24 கேஜ் ஊசி போட்டவர்களுக்குத் தெரியும்.

ஆனால் என்னைக் கேட்டால், இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது, அந்தக் குழந்தைகள் தனியாகக் கிடந்ததுதான். கவச உடை தட்டுப்பாடு என்பதால் ஒருமுறை உள்ளே போனால் எல்லா வேலையையும் சேர்த்து முடித்துவிட்டு வர வேண்டும். அம்மா வேறு கட்டடத்தில். நடுவில் அழுதால் தட்டிக்கொடுக்க ஆள் கிடையாது. உங்களில் யாராவது அப்போது அம்மாவாக, அப்பாவாக வெளியே நின்றிருந்தால் எழுதுங்கள். எங்களுக்குத் தெரிந்தது உள்பக்கம் மட்டும்தான்.

லேப் டெக்னீஷியன், நெல்லை:

சிஸ்டர், எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. பிறந்த குழந்தைக்குப் பெயர் இருக்காது. சுவாப் வைத்த டியூபில் 'பேபி ஆஃப் கவிதா' என்று வரும். கூடவே கவிதாவின் டியூபும் வரும், இரண்டுக்கும் ஒரே செல்போன் நம்பர், அப்பாவுடையது. அவருக்கு ஒரு பாசிட்டிவ், ஒரு நெகட்டிவ் என்று இரண்டு மெசேஜ் போகும். எது யாருக்கு என்று கேட்டு அவர் லேபுக்கே போன் அடிப்பார். ஒரே நாளில் இரண்டு கவிதா வந்துவிட்டால் எங்களுக்கே தலை சுற்றும். அப்புறம் தாயின் வார்டு நம்பர், குழந்தை பிறந்த நேரம் எல்லாவற்றையும் டியூப் மேலேயே எழுதச் சொன்னோம்.

இரட்டைவால் குருவியின் அம்மா:

நான் வெளியே நின்றவள் இல்லை சிஸ்டர், அந்த வேறு கட்டடத்தில் படுத்திருந்தவள். 2021 மே, இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். மாதாமாதம் நான் காட்டிக்கொண்டிருந்த தனியார் மருத்துவமனை, பாசிட்டிவ் என்றதும் வாசலிலேயே நிறுத்திவிட்டது. அரசு மருத்துவமனையில்தான் பிரசவம். 1.4 கிலோ, பையன்.

முகத்தைக் காட்டிவிட்டுக் கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது, காய்ச்சல் வேறு. பக்கத்துக் கட்டில் பெண், கொரோனாக்காரியின் பால் விஷம் என்று அவள் மாமியார் சொன்னதாகச் சொல்லிப் பீய்ச்சிக் கீழே கொட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் பயம்தான். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாதான் கேட்டார்: "பாலை ஏம்மா கொட்டறீங்க? மாஸ்க் போடு, சோப்பு போட்டுக் கை கழுவு, சுடுதண்ணியில போட்ட கிண்ணத்துல எடு. காய்ச்ச வேண்டாம், அப்படியே அனுப்பு. சீம்பால் ஒரு ஸ்பூன் வந்தாக்கூடப் போதும்." ஆயாம்மா கிண்ணத்தில் என் பெயரெழுதிய பிளாஸ்திரி ஒட்டி எடுத்துப் போவார். அங்கே ஒரு சிஸ்டர் அதைப் பாலாடைச் சங்கில் ஊட்டுவதை வீடியோ கால் போட்டுக் காட்டினார். கவச உடையில் முகம்கூடத் தெரியாது. பையனின் நாக்கு பாலாடை விளிம்பை நக்குவது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

நான் நெகட்டிவ் ஆகும்வரை காத்திருக்கவும் இல்லை. காய்ச்சல் விட்டதும் மாஸ்க்கோடு நெஞ்சில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். முதல் அலையில் இப்படி விட்டிருக்க மாட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பெரம்பலூர் அப்பா:

எங்கள் பாப்பா 2020 ஜூனில் 30 வாரத்தில் பிறந்தாள். கொரோனா டெஸ்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. எங்களை ஆட்டிவைத்தது கண் டெஸ்ட். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை இரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது, தாறுமாறாக வளர்ந்தால் பார்வையே போகும், பிறந்து 30 நாளுக்குள் காட்டியாக வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அப்போது மாவட்டம் தாண்ட இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி வேண்டும். காரணம் 'குழந்தைக்குக் கண் பரிசோதனை' என்று போட்டால் அவசரம் இல்லை என்று ரிஜெக்ட். கண்ணாடி போடப் போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள் போல! டிஸ்சார்ஜ் சீட்டைப் படமெடுத்து இணைத்த பிறகுதான் கிடைத்தது. போன இடத்தில் உடனே லேசர் என்றார்கள், செய்தார்கள். செப்டம்பர் 1-ல் மாநிலத்துக்குள் இ-பாஸே வேண்டாம் என்றாகிவிட்டது. அதுவரை வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

மலைக்கோட்டை சிஸ்டர்:

தங்கச்சி, நீ கேள்விப்பட்டது சரிதான். உலக சுகாதார நிறுவனம் மாஸ்க் போட்டுப் பால் கொடுக்கலாம், தாயையும் பிள்ளையையும் பிரிக்க வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2020 ஏப்ரலில் பிரித்து வைக்கச் சொல்லி, ஜூலையில் மாற்றிக்கொண்டது. எங்கள் வாட்ஸப் குழுவில் இரண்டும் சுற்றியது, பயந்தவர்கள் பயத்துக்கு ஏற்றதை எடுத்துக்கொண்டார்கள். 2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது: தாயின் நெஞ்சோடு அணைக்கும் கங்காரு பராமரிப்பு எல்லோருக்கும் கிடைத்தால் காப்பாற்றக்கூடிய குழந்தைகள் 1,25,000-க்கும் மேல், அப்படி அணைப்பதால் கொரோனா தொற்றி இறக்கக்கூடியவை 2,000-க்கும் கீழே. உன் டாக்டரம்மா அதைப் படித்திருப்பார்.

இன்னொரு கூத்து. தாய்லாந்தில் பிறந்த குழந்தைகளுக்குக் குட்டி ஷீல்டு மாட்டிய படம் பரவியது அல்லவா, அதைப் பார்த்துவிட்டு ஒரு தாத்தா பேரனுக்கு ஷீல்டு வாங்கி வந்துவிட்டார். பிறந்த குழந்தைக்கு மாஸ்க்கும் கூடாது, ஷீல்டும் கூடாது, மூச்சு அடைக்கும் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பெரம்பலூர் அண்ணா, லேசர் செய்த பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம். பாப்பாவின் கண்ணை வருடாவருடம் காட்டுகிறீர்கள்தானே? அந்த டிஸ்சார்ஜ் சீட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கண் டாக்டர் கேட்பார்.