கப்பலூர் சிட்கோ 8.30 ஷிப்டுக்கு பஸ் நேரம் ஒத்துவரவில்லை: மனுவா, வேனா, குட்டியானையா?

திருமங்கலம்_மேற்கு_குழு

திருமங்கலம் – உசிலம்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற மூன்று ஊர்களுக்காகக் கேட்கிறேன். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக், பேக்கிங், தையல் யூனிட்களுக்கு இங்கிருந்து 31 பெண்களும் 7 ஆண்களும் போகிறார்கள். ஊரிலிருந்து திருமங்கலம் 16 கி.மீ., அங்கிருந்து எஸ்டேட் இன்னும் 6 கி.மீ.

முதல் டவுன் பஸ் காலை 6.10. அடுத்தது 7.50, அது திருமங்கலம் சேர 8.25 ஆகிறது. வேறு பஸ் பிடித்து எஸ்டேட் வாசலில் இறங்கும்போது ஒன்பது. ஷிப்டு 8.30. பத்து நிமிஷம் வரை விடுகிறார்கள், அதற்கு மேல் போனால் அரை நாள் சம்பளம் பிடித்தம். 6.10 பஸ்ஸில் போனால் கேட்டுக்கு வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிட வேண்டியவர்களுக்கு அது நடக்காது.

சாயங்காலம் ஆறுக்கு வேலை முடிகிறது. திருமங்கலத்திலிருந்து ஊருக்குக் கடைசி பஸ் 6.25. அதை விட்டால் ஷேர் ஆட்டோ, தலைக்கு 60 ரூபாய். கூலி 380. இப்போது ஒரு குட்டியானைக்காரர் (சின்னச் சரக்கு வண்டி) தலைக்கு 25 ரூபாய்க்கு ஏற்றி இறக்குகிறேன் என்கிறார். பெண்கள் பாதிப் பேர் சரி என்று சொல்லிவிட்டார்கள். புது பஸ் கேட்டு மனு கொடுக்கலாமா, வேன் பேசலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சிங்கிள்_டிரிப்

அக்கா, புது பஸ் கேட்காதீர்கள். புது பஸ் என்றால் வண்டி, டிரைவர், கண்டக்டர், டீசல் எல்லாவற்றையும் புதிதாக ஒதுக்க வேண்டும். மனு கிடப்பில் போய்விடும். ஓடுகிற வண்டியின் நேரத்தை மாற்றவும், ஒரே ஒரு சிங்கிளை (ஒரு வழி ஓட்டம்) மட்டும் கப்பலூர் வரை நீட்டவும் கேளுங்கள். இது போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர் அளவிலேயே பேச ஆரம்பிக்கக்கூடிய விஷயம்.

கேட்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த 7.50 வண்டி உங்கள் ஊருக்கு வருவதற்கு முன் எங்கே ஓடிவிட்டு வருகிறது, திருமங்கலம் போனபின் எந்த ஊருக்குத் திரும்புகிறது என்று கண்டக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 7.50ஐ 7.20 ஆக்கினால் அதற்கு முந்தைய சிங்கிளும் அரை மணி முன்னால் கிளம்ப வேண்டும். அந்தச் சிங்கிளில் பால்காரர், காய்கறிக்காரர் ஏறுகிறார்களா? அடுத்த சிங்கிள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையதா? நேரமாற்ற மனு பெரும்பாலும் அடிபடுவது இங்கேதான்: ஒரு ஊருக்கு மாற்றிக் கொடுத்தால் அடுத்த ஊரில் பஸ்ஸை மறித்துவிடுவார்கள். நீங்களே பக்கத்து ஊர்க்காரர்களிடம் பேசி, அவர்கள் கையெழுத்தையும் சேர்த்துக் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உங்கள் கணக்குப்படி 7.20க்குக் கிளம்பினால் திருமங்கலம் 7.55. அதே வண்டி கப்பலூர் வரை போனால் 8.15க்கு இறக்கிவிடும். நீட்டுவதற்கு ஆகும் கூடுதல் ஓட்டம் போக 6, வர 6, ஆக 12 கி.மீ. நேரம் அரை மணிக்குச் சற்று மேலே. திரும்பும்போது காலியாக வருமே என்பார்கள். எஸ்டேட்டில் இரவு ஷிப்டு முடித்துத் திருமங்கலம் பக்கம் திரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு அந்த எண்ணிக்கையையும் மனுவில் எழுதுங்கள்.

மனு இரண்டு பக்கம் போதும். ஸ்டாப் வாரியாக எத்தனை பேர் ஏறுவார்கள், அதில் பெண் எத்தனை, டிக்கெட் எடுக்கும் ஆண் எத்தனை, எந்த யூனிட், ஷிப்டு நேரம் என்ன என்று ஒரு அட்டவணை. கூடவே யூனிட்களின் லெட்டர்பேடில் ஷிப்டு நேரத்தை உறுதிசெய்து ஒரு கடிதம். கிளை மேலாளருக்கு அசல், பொது மேலாளருக்கு நகல். இன்னொரு நகலைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு எண் வாங்கிவிடுங்கள். முதல்வர் உதவி மைய எண்ணான 1100க்கு அழைத்துப் பதிவு செய்தாலும் எண் கிடைக்கும். எண் இல்லாத மனுவை யாரிடமும் போய் விசாரிக்க முடியாது.

முக்கியமான ஒன்று. பெண்களிடம் சொல்லி, கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். அந்தத் தொகையை அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு செய்கிறது. கூட்டத்தில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் விட்டால் ஏறிய ஆள் கணக்கிலேயே வராது. 30 பெண்கள் தினமும் போகிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள், டிரிப் ஷீட் (கண்டக்டரின் ஓட்டக் கணக்குத் தாள்) 12 என்று சொல்லும். அங்கேயே மனு செத்துவிடும். எக்ஸ்பிரஸ், மொஃபசல் (வெளியூர்) வண்டிகளில் இந்தச் சலுகை கிடையாது, அதனால் திருமங்கலத்தில் மாறும்போதும் டவுன் பஸ் போர்டு பார்த்து ஏறச் சொல்லுங்கள்.

சாயங்காலத்துக்கு வேறு வழி. முதல் பஸ் 6.10, கடைசி பஸ் 6.25 என்றால் இரவு வண்டி உங்கள் ஊரில் தங்குவதில்லை, காலையில் 16 கி.மீ. காலியாக வருகிறது என்றுதான் தோன்றுகிறது, கண்டக்டரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். நைட் ஹால்ட் கேளுங்கள். வண்டி 7.30 வாக்கில் திருமங்கலத்திலிருந்து கிளம்பி ஊரில் தங்கி, விடியற்காலை அங்கிருந்தே புறப்படும். காலையும் இரவும் காலி ஓட்டம் மிச்சம் என்பதால் அவர்களுக்கும் லாபம். ஆனால் டிரைவர், கண்டக்டர் படுக்க ஒரு அறை, ஃபேன், கழிப்பறை, தண்ணீர், வண்டி நிற்க வெளிச்சமான இடம் வேண்டும். பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு அறையை ஒதுக்கிக் கிராம சபையில் தீர்மானம் போட்டு மனுவோடு இணையுங்கள். படுக்க இடம் சரியில்லாமல்தான் பல ஊர்களில் ஹால்ட் நின்றுபோனது.

---

மஞ்சள்_போர்டு

குட்டியானை வேண்டவே வேண்டாம். அது சரக்கு வண்டி. அதன் இன்சூரன்ஸ் சரக்கோடு வரும் சரக்கு உரிமையாளரையோ அவர் அனுப்பிய ஆளையோ தாண்டி, பின்னால் ஏறிய பயணிகளுக்குப் பொருந்தாது. கவிழ்ந்தால் இழப்பீட்டை வண்டிக்காரர் கையிலிருந்துதான் வாங்க வேண்டும். அவரிடம் இருப்பதே அந்த வண்டிதான். 25 ரூபாய்க்கு ஏற்ற முடிவதே இந்தச் செலவெல்லாம் இல்லாததால்தான்.

வேன் என்றால் மஞ்சள் போர்டும் (வாடகை வண்டி நம்பர் பலகை), கான்ட்ராக்ட் கேரியேஜ் பெர்மிட்டும் (வண்டியை மொத்தமாக ஒப்பந்தத்தில் விட அனுமதி) வேண்டும். இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. வேன்காரர் ஆளாளுக்குத் தினம் காசு வாங்கி, வழியில் கை காட்டுகிறவர்களையும் ஏற்றினால் அது பஸ் சர்வீஸ் ஆகிவிடும், பெர்மிட் மீறல். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய், வண்டியையும் பிடித்து வைக்கலாம். யூனிட்டோ, பல யூனிட்கள் சேர்ந்தோ வேன்காரரோடு மாத வாடகை ஒப்பந்தம் போட்டு, பயணிகள் பெயர்ப்பட்டியலை வண்டியில் வைத்திருக்க வேண்டும். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட், டிரைவர் லைசென்ஸ் நான்கின் தேதியையும் பார்த்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் ஓடிய பழைய வண்டி மலிவாகக் கிடைக்கும்; பதிவையும் பெர்மிட்டையும் மாற்றாமல் அதில் ஆட்களை ஏற்றினால் மறுபடி அதே சிக்கல்.

வாடகையைத் தீர்மானிப்பது தூரத்தை விட வண்டி இரவில் எங்கே நிற்கிறது என்பதுதான். 22 கி.மீ. வழிக்கு, உங்கள் ஊர் டிரைவரே வண்டியை ஊரில் வைத்து, பகலில் எஸ்டேட்டில் நிறுத்தினால் ஒரு நாள் ஓட்டம் 44 கி.மீ. கப்பலூரிலிருந்து வந்து ஏற்றி, இறக்கிவிட்டுத் திரும்பினால் 88. மாதம் 26 நாள், லிட்டருக்கு 10 கி.மீ., டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் முன்னதற்கு டீசல் மட்டும் சுமார் 10,600, பின்னதற்கு 21,300. இதற்கு மேல்தான் டிரைவர் சம்பளம், டயர், வரி, இன்சூரன்ஸ், தவணை. அதனால் பகலில் எஸ்டேட்டுக்குள் லோக்கல் வாடகை ஓட்டக்கூடிய உள்ளூர் வண்டியைத் தேடுங்கள்.

38 பேருக்கு 17 சீட் வேன் இரண்டு போதாது, மூன்றாவது வேண்டும். பெண்களுக்கு இலவசமாக ஓடும் பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டு வேளையும் வேனுக்குப் போவது வீண். காலைக்கு பஸ், ஓவர்டைம் நாட்களின் இரவுக்கு மட்டும் வேன் என்று பிரியுங்கள்.

---

கூலிக்கணக்கு_மதுரை

பஸ் நேரம் மாறும் வரை அந்த அரை நாள் பிடித்தத்தை நிறுத்த வழி இருக்கிறது. வேலைக்கு வராத நேரத்துக்குரிய கூலியை மட்டுமே பிடிக்கலாம், அதற்கு மேல் கூடாது என்பது கூலிச் சட்டம். எட்டு மணி நேரத்துக்கு 380 என்றால் அரை மணிக்குச் சுமார் 24 ரூபாய். 190 பிடிப்பது தவறு. வந்த நேரம் பதிவாகவில்லை என்றால் இதை நிரூபிக்க முடியாது, ஆகவே கேட் ரெஜிஸ்டரில் நேரம் எழுதியபின் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பத்துப் பேர் சேர்ந்து நிர்வாகத்திடம் முதலில் எழுத்தில் கேளுங்கள், பிறகு தொழிலாளர் துறை ஆய்வாளர்.

இன்னொன்று, ஷிப்டையே 8.45 – 6.15 ஆக்கக் கேட்பது. நிர்வாகத்துக்கு இதில் செலவே இல்லை: அறிவிப்புப் பலகையில் வேலை நேரத்தை மாற்றி ஒட்டி, தொழிற்சாலை ஆய்வாளருக்கு முன்கூட்டியே நகல் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சாயங்காலக் கடைசி பஸ் தீராமல் இதைக் கேட்காதீர்கள். காலையில் பதினைந்து நிமிஷம் கிடைக்கும், மாலையில் 6.25 பஸ் போய்விடும், தினம் 60 ரூபாய் ஆட்டோ.

ஓவர்டைமுக்கு நிறுத்துகிற யூனிட் இரவு வண்டிக்குப் பொறுப்பேற்க வேண்டும். 7 மணிக்கு மேல் பெண்களை வைக்க அவர்கள் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் நிபந்தனை, வீடு கொண்டுசேர்ப்பது அதில் சேர்த்தி. கேட்கும்போது இதையே முன்வையுங்கள்.

எல்லோருக்கும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) எண் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நடக்கும் விபத்தும் வேலை விபத்தாகவே எடுக்கப்படும்; நேரமும் வழியும் வேலையோடு பொருந்த வேண்டும். அடிபட்டால் ஆஸ்பத்திரிச் சீட்டில் “வேலைக்குப் போகும் வழியில்” என்று எழுத வைப்பது, போலீஸில் பதிவு, யூனிட்டிலிருந்து விபத்து அறிக்கை, மூன்றும் உடனே நடக்க வேண்டும். “வீட்டில் வழுக்கி விழுந்தேன்” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னால் மாற்ற முயன்றால் நிற்காது.

---

திருமங்கலம்_மேற்கு_குழு

ரொம்ப நன்றி. குட்டியானைக்காரரிடம் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். இரண்டு சந்தேகம். மினி பஸ்ஸுக்கு முயற்சி செய்யலாமா? பஸ்ஸை எஸ்டேட்டுக்குள் விடச் சொல்லிக் கேட்கலாமா?

---

சிங்கிள்_டிரிப்

மினி பஸ் உங்கள் முழு வழிக்கும் சரிவராது. புதிய திட்டத்தில் வழித்தடம் 25 கி.மீ. வரை போகலாம், ஆனால் அதில் பெரும்பகுதி இதுவரை பஸ் ஓடாத சாலையாக இருக்க வேண்டும். உங்கள் 22 கி.மீ.யில் ஏற்கெனவே பஸ் ஓடுகிறது. மூன்று ஊர்களில் எதற்காவது பஸ்ஸே உள்ளே வராவிட்டால், அந்த ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு இணைக்கும் தடமாக ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். தனியார் ஓட்டுவது, பெண்களும் டிக்கெட் எடுக்க வேண்டும்.

எஸ்டேட்டுக்குள் விடுவதற்கு முதலில் வண்டி திரும்ப இடம் பாருங்கள். பெரிய பஸ் ரிவர்ஸ் எடுக்காமல் திரும்ப வேண்டும். இருபுறமும் லாரி நிற்கும் ரோட்டில் டிரைவர் ஒரு நாள் போவார், மறுநாள் வெளியிலேயே இறக்கிவிடுவார். காலை 8 முதல் 8.30 வரை ஒரு முக்கில் லாரி நிறுத்தாமல் எஸ்டேட் சங்கமே பார்த்துக்கொள்வதாகக் கடிதம் கொடுத்தால் உள்ளே கேளுங்கள். இல்லாவிட்டால் சர்வீஸ் ரோட்டில் எஸ்டேட் பக்கமாகவே நிறுத்தம் கேளுங்கள். நான்கு வழிச்சாலையின் எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டால் 38 பேரும் நடுத்திட்டைத் தாண்டித்தான் ஓடுவார்கள், அது நடக்கவே கூடாது. மாலையில் திருமங்கலம் போகும் வண்டி எதிர்ப்பக்கம்தான் நிற்கும், ஆகவே மாலை நிறுத்தத்தைப் பாலத்துக்கு அடியில் கடந்துபோக முடிகிற இடமாகப் பார்த்து, மனுவில் ஒரு கைவரைபடம் போட்டுக் காட்டுங்கள்.