பிரேக் மிதித்தால் மீட்டர் விளக்கு மங்கலாக எரிகிறது, காருக்குள் பூசண வாடையும் போகவில்லை

கெடிலக்கரை – திங்கள், இரவு 9.40

வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன். 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று தொல்லைகள், சேர்த்தே கேட்டுவிடுகிறேன்.

முதலாவது வாடை. மழை தொடங்கியதிலிருந்து காலையில் கதவைத் திறந்தால் ஈரச் சாக்கு வாடை அடிக்கிறது. பின் சீட் பெல்ட்டில் வெள்ளையாகப் பூசணம் பிடித்திருந்தது. வாட்டர் வாஷ் கடையில் பணம் கொடுத்து உள்ளே முழுக்க ஷாம்பு போட்டுக் கழுவினேன். பத்து நாள் நன்றாக இருந்தது, மறுபடியும் அதே கதை. சென்ட் பாட்டில் மாட்டினேன், சீட்டுக்கு அடியில் அந்துருண்டை போட்டேன். மகள் தலைவலிக்கிறது என்று அழுததும் அந்துருண்டையை எடுத்து வீசிவிட்டேன்.

இரண்டாவது, இடது பக்க பிரேக் லைட். ஆயுத பூஜைக்குப் பிறகு மூன்று பல்பு மாற்றியாகிவிட்டது. மாற்றினால் இரண்டு நாள் எரிகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. இன்னொன்று, இது முக்கியமா தெரியவில்லை: பகலில் எந்த விளக்கும் போடாமல் பிரேக்கை மிதித்தால் ஸ்பீடோமீட்டரின் உள்விளக்கு லேசாக, மிக மங்கலாக எரிகிறது.

மூன்றாவது, இடது ஹெட்லைட்டில் டிம் எரியவில்லை, பிரைட் மட்டும் எரிகிறது. உதிரிபாகக் கடையில் 100/90 வாட்ஸ் பல்பு போடச் சொல்கிறார்கள். போடலாமா?

தினமும் புதுச்சேரி போய் வருகிறேன், திரும்பும்போது இருட்டிவிடுகிறது. பின்னால் பஸ்ஸும் லாரியும் ஒட்டிக்கொண்டு வருகிற ரோடு. பிரேக் லைட்டை நினைத்தால் பயமாக இருக்கிறது.

மதுரை வாட்டர் வாஷ் – திங்கள், இரவு 10.15

அண்ணா, முதலில் ஈரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கழுவிப் பத்து நாளில் வாடை திரும்பினால் எங்கோ தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். பூசணம் துணியில் முளைத்தது போலத்தான் தெரியும், அதற்குச் சோறு போடுவது அடியில் இருக்கும் ஈரம்.

நான்கு மேட்டையும் எடுத்துவிட்டு, கார்பெட்டை உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பாருங்கள். தடவிப் பார்த்தால் தெரியாது. மேலே காய்ந்திருக்கும், அடியில் இருக்கும் ஃபெல்ட் சொதசொதவென்று இருக்கும். முன்னால் இடது பக்கம் ஈரம் என்றால் பெரும்பாலும் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். பின்னால் என்றால் டிக்கிக்குள் பாருங்கள். மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னியையும் வெளியே எடுத்துப் பாருங்கள்.

சாலைப்புறா – திங்கள், இரவு 10.50

மீட்டர் விளக்கு விஷயத்துக்கு ஒரு யோசனை. எனக்கும் பிரேக் மிதித்தால் மீட்டர் எரிந்தது. கடைக்காரர் ஒற்றை இழை பல்பைக் கொடுத்திருந்தார். பின்பக்கம் பார்க் லைட்டும் பிரேக்கும் ஒரே பல்பில் எரிகிற கார் என்றால் இரட்டை இழை பல்பு வேண்டும், 21 வாட்ஸும் 5 வாட்ஸும் சேர்ந்தது. பல்பைத் திருப்பி அடியைப் பாருங்கள். ஈயப் பொட்டு இரண்டு இருந்தால் சரியான பல்பு. ஒன்றுதான் என்றால் அந்த ஒற்றைப் பொட்டு ஹோல்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டுவிடும். பிரேக் கரண்ட் பார்க் லைட் லைனுக்குள் ஏறி மீட்டர் வரை போய்விடும்.

பழைய வயர்மேன் – செவ்வாய், காலை 6.20

சாலைப்புறா சொன்னது சரியான சோதனை, அதை முதலில் செய்யுங்கள். ஆனால் தம்பி ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார்: "மிக மங்கலாக". ஒற்றை இழை பல்பு போட்டிருந்தால் மீட்டர் பளிச்சென்று முழு வெளிச்சத்தில் எரியும். மங்கலாக எரிந்தால் எனக்கு எர்த் மேல்தான் சந்தேகம்.

டெயில் லேம்புக்குள் இருக்கும் பல்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே எர்த் வயர். பிரேக் இழை வழியாக வந்த கரண்ட் அந்த எர்த் வழியாகத்தான் பாடிக்குத் திரும்ப வேண்டும். எர்த் துருப்பிடித்து வழி அடைத்துவிட்டால் அந்தக் கரண்ட் வேறு வழி தேடும். பக்கத்திலேயே இருப்பது 5 வாட்ஸ் பார்க் இழை. அதற்குள் தலைகீழாக ஏறி, பார்க் லைட் லைனைப் பிடித்து, வலது பக்க பார்க் லைட், நம்பர் பிளேட் விளக்கு, மீட்டர் விளக்கு என்று கிடைத்த வழியிலெல்லாம் எர்த்தைத் தேடிப் போகும். இத்தனை இழைகளைத் தாண்டிப் போவதால் எல்லாமே மங்கல். நீங்கள் முக்கியமா தெரியவில்லை என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிதான் நோயைக் காட்டிக்கொடுத்தது.

இன்று மூன்று விஷயம் பாருங்கள். பகலில் விளக்கு எதுவும் போடாமல் இடது இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் விளக்கும் கூடவே துடிக்கிறதா? இரவில் பார்க் லைட் போட்டுவிட்டு வீட்டில் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். இடது பக்கம் பிரகாசம் கூடுவதற்குப் பதிலாக முழுக்க அணைகிறதா? கழற்றிய பழைய பல்புகள் கையில் இருந்தால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இழை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கெடிலக்கரை – செவ்வாய், இரவு 9.05

எல்லாம் பார்த்துவிட்டேன். பல்பின் அடியில் இரண்டு பொட்டு இருக்கிறது. இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் துடிக்கிறது. பார்க் லைட் போட்டுக்கொண்டு என் மனைவி பிரேக் மிதித்தார், இடது பக்கம் அப்படியே இருட்டாகிவிட்டது. இத்தனை நாள் இப்படித்தான் ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. பழைய பல்புகள் கிளவ் பாக்ஸில் கிடந்தன. மூன்றில் இரண்டு நல்ல பல்பு! இழை அறுபடவே இல்லை.

மதுரை தங்கச்சி சொன்னபடி டிக்கியையும் பார்த்தேன். மேட்டைத் தூக்கியதுமே வாடை முகத்தில் அடித்தது. ஸ்டெப்னி குழியில் மூன்று விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர், ஜாக்கி துருவேறிக் கிடக்கிறது. முன்பக்க கார்பெட் எல்லாம் காய்ந்துதான் இருக்கிறது.

பழைய வயர்மேன் – செவ்வாய், இரவு 9.30

ஜாக்கி துருப்பிடித்த அதே தண்ணீர்தான் உங்கள் ஹோல்டரையும் அரித்திருக்கிறது. டிக்கித் தண்ணீரும் பிரேக் லைட்டும் ஒரே நோய். ஒரு கேள்வி: இடது பக்கம் எப்போதாவது இடிபட்டு டிங்கரிங் வேலை நடந்ததா?

கெடிலக்கரை – செவ்வாய், இரவு 9.42

ஆமாம் அண்ணா! ஜூலையில் மார்க்கெட்டில் ஒரு பைக் இடித்தது. ஒரு பட்டறையில் ஒடுக்கு எடுத்துப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். டெயில் லேம்பைக் கழற்றித்தான் வேலை செய்தார்கள்.

பழைய வயர்மேன் – செவ்வாய், இரவு 10.10

அங்கேதான் விஷயம். டெயில் லேம்புக்கும் பாடிக்கும் நடுவில் ஃபோம் கேஸ்கட் ஒன்று உண்டு. கழற்றும்போது கிழிந்துவிடும், அல்லது மடங்கின மாதிரியே திருப்பி மாட்டிவிடுவார்கள். வெயில் காலத்தில் யாருக்கும் தெரியாது, ஐப்பசியில் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மணி நேர வேலை. சாவியை எடுத்துவிட்டு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ரேடியோவுக்கு கோட் நம்பர் கேட்கிற வண்டி என்றால் முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். லேம்பின் ஸ்க்ரூவை எடுத்ததும் பக்கவாட்டில் நெம்பாதீர்கள். வெளிப்பக்கம் பிளாஸ்டிக் குச்சி ஒன்று பாடிக்குள் சொருகியிருக்கும், அது ஒடிந்தால் லேம்பே மாற்ற வேண்டிவரும். நேராகப் பின்னால் இழுங்கள். ஹோல்டரைத் திருகினால் வந்துவிடும்.

உள்ளே பச்சைக் களிம்பு படிந்திருக்கும். 400 நம்பர் எமரி பேப்பரைப் பென்சில் முனையில் சுற்றி, தகடு செம்பு நிறம் தெரியும்வரை மெதுவாகத் தேயுங்கள். பல்பின் பித்தளைக் கழுத்தையும், அடியில் இருக்கும் ஈயப் பொட்டையும் தேயுங்கள். காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிடுங்கள். எர்த் வயரைப் பின்தொடர்ந்து போனால் டிக்கி ஓரத்தில் பாடியில் ஒரு ஸ்க்ரூவில் முடியும். அதையும் கழற்றித் தேய்த்து இறுக்குங்கள். களிம்பு தகட்டைத் தின்று ஓட்டை போட்டிருந்தால் தேய்ப்பதில் பயனில்லை, ஹோல்டரையே மாற்றிவிடுங்கள்.

சந்தேகம் தீர ஒரு சோதனை, இதைத் தேய்ப்பதற்கு முன்னாலேயே பேட்டரியை மாட்டிக்கொண்டு செய்து பாருங்கள். வயர் துண்டின் ஒரு முனையை ஹோல்டரின் எர்த் தகட்டில் வையுங்கள், மறுமுனையை டிக்கி லாக் கொக்கியில் வையுங்கள். பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அப்போது பளிச்சென்று எரிந்தால் எர்த்தேதான்.

கேஸ்கட் தனியாகக் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பியூட்டைல் டேப்பை (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) உருட்டி லேம்பைச் சுற்றி இடைவெளி விடாமல் ஒட்டுங்கள். ஹார்டுவேர் கடையில் புளித்த வாடை அடிக்கிற சிலிக்கான் கொடுப்பார்கள், அதை வைக்காதீர்கள். அது காயும்போது வெளிவரும் அமிலம் இரும்பையும் செம்பையும் அரிக்கும்.

சாலைப்புறா – புதன், காலை 7.30

நான் பல்பையே சந்தேகப்பட்டேன், எர்த் தோன்றவில்லை. குறித்துக்கொண்டேன் அண்ணா.

ஹெட்லைட்டுக்கு நான் சொல்கிறேன். 100/90 வேண்டாம். டிம், பிரைட் இரண்டு இழையும் ஒன்றாக இருக்கும் உங்கள் ஹெச்4 பல்பு 60/55 வாட்ஸ், பிரைட் 60, டிம் 55. 12 வோல்ட்டில் 60 வாட்ஸ் என்றால் 5 ஆம்பியர், 100 வாட்ஸ் என்றால் 8 ஆம்பியரைத் தாண்டும். கம்பெனி வயரிங்கும் பிளாஸ்டிக் ஹோல்டரும் அந்தச் சூட்டைத் தாங்காது. ஹோல்டர் உருகிப் பல்போடு ஒட்டிப்போனதை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் குறைவு என்று தோன்றினால் பல்புக்கு முன்னால் கண்ணாடியைப் பாருங்கள். பத்து வருஷ வண்டியில் அது மஞ்சளித்திருக்கும்.

டிம் இழை மட்டும் அறுந்திருக்கிறது, பல்பு மாற்றினால் போதும். பின்னால் மூன்று கால் சாக்கெட்டைப் பிடுங்கி, ரப்பர் மூடியை உரித்து, கம்பி கிளிப்பை அமுக்கி விலக்கினால் பல்பு வந்துவிடும். புதியதன் கண்ணாடியில் விரல் படக்கூடாது. கை எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். தகட்டில் மூன்று காது இருக்கும், ஒரே வாட்டத்தில்தான் உட்காரும். ரப்பர் மூடியைச் சுற்றிலும் அழுத்தி மூடுங்கள், இல்லாவிட்டால் ஹெட்லைட்டுக்குள்ளும் தண்ணீர் போகும். வலது பக்கமும் அதே வயதுப் பல்பு என்றால் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

கெடிலக்கரை – புதன், மதியம் 1.15

வெள்ளை எல்இடி போடலாமா? எதிரே வருகிற வண்டிகளில் எல்லாம் அதுதான் இருக்கிறது.

சாலைப்புறா – புதன், மதியம் 1.50

வேண்டாம். ஹெச்4 பல்புக்குள் டிம் இழைக்கு அடியில் குட்டிக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். வெளிச்சம் மேலே ஏறாமல் தடுப்பது அதுதான். உங்கள் ஹெட்லைட்டின் ரிஃப்ளெக்டர் அந்த இழை இருக்கும் இடத்தை அளந்து செய்தது. எல்இடி அந்த இடத்தில் சரியாக அமையாவிட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும்.

மதுரை வாட்டர் வாஷ் – புதன், இரவு 8.20

உள்ளே சுத்தம் செய்வது என் வேலை. ஆனால் ஓட்டையை அடைத்த பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும்.

ஸ்டெப்னி குழியின் அடியில் ரப்பர் மூடி இருந்தால் பிடுங்குங்கள், தண்ணீர் வடிந்துவிடும். துடைத்த பிறகு மூடியைத் திரும்பப் போட மறக்காதீர்கள். டிக்கி மேட், அடியில் உள்ள ஃபெல்ட், பின் சீட்டின் உட்காரும் பகுதி எல்லாவற்றையும் வெளியே எடுத்து இரண்டு நாள் நல்ல வெயில். ஃபெல்ட் மேலே காய்ந்த மாதிரிதான் ஏமாற்றும். மடித்துப் பிழிந்து பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் இன்னொரு நாள் போடுங்கள்.

பூசணம் பிடித்த சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, உள்ளே சுருளாதபடி கிளிப் போட்டு நிறுத்துங்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு பூசணத்தை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், காய்ந்த பிரஷால் தட்டினால் கார் முழுக்கப் பறக்கும். அப்புறம் மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்த பிறகுதான் சுருளவிட வேண்டும். பிளீச் போடாதீர்கள், பெல்ட்டின் நூல் பலவீனமாகிவிடும். உயிரைக் காக்கிற பெல்ட் அது.

துணி சீட்டுக்குத் தண்ணீரும் வினிகரும் பாதிக்குப் பாதி கலந்து லேசாகத் தெளித்துத் துடைத்தால் போதும். ஷாம்பு நுரையை ஊற்றிக் கழுவினால் ஸ்பாஞ்சு குடித்துவிடும், மறுபடியும் பூசணம்தான். காய்ந்த சீட்டில் ஆப்பசோடாவைத் தூவி இரவு முழுக்க விட்டு வேக்யூம் போடுங்கள். ஏசி ஃபில்டரை மாற்றுங்கள். வீடு வந்து சேருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஏசியை அணைத்து, வெளிக்காற்றில் வைத்து ஃபேன் மட்டும் ஓடவிடுங்கள்.

டேஷ்போர்டில் பளபளக்கிற பாலிஷ் அடிக்கச் சொல்வார்கள், வேண்டாம் அண்ணா. வெயிலில் அந்தப் பளபளப்பு முன் கண்ணாடியில் பிரதிபலித்து ரோடு தெரியாது. ஸ்டியரிங்கிலும் பெடலிலும் தடவினால் வழுக்கும்.

கெடிலக்கரை – ஞாயிறு, மாலை 6.30

வேலை முடிந்தது. வயர் சோதனை செய்ததும் பிரேக் லைட் பளிச்சென்று எரிந்தது. லேம்பைக் கழற்றினால் கேஸ்கட்டின் கீழ்ப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு மடிந்து உள்ளே போயிருந்தது. ஹோல்டரில் களிம்பு, தேய்த்ததும் செம்பு நிறம் வந்துவிட்டது. பியூட்டைல் டேப் ஒட்டி மாட்டிவிட்டேன். கழற்றி வைத்திருந்த பழைய பல்பையே போட்டேன், எரிகிறது.

ஒட்டியது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய வயர்மேன் – ஞாயிறு, மாலை 7.00

லேம்புக்கு உள்பக்கம், டிக்கி ஓரமாக முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். வெளியே டியூப் தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பத்து நிமிடம் விடுங்கள். அழுத்தி அடிக்காதீர்கள், மழை மாதிரி வழியவிடுங்கள். அப்புறம் டிக்கியைத் திறந்து பாருங்கள். ஒரு சொட்டு இறங்கினாலும் பவுடரில் கோடு விழும், கோட்டின் தலை எங்கேயோ அங்கேதான் ஓட்டை.

கெடிலக்கரை – வியாழன், இரவு 9.50

லேம்புப் பக்கம் பவுடர் அப்படியே இருந்தது. ஆனால் மேலே, டிக்கி கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கின் மூலையிலிருந்து ஒரு மெல்லிய கோடு இறங்கியிருந்தது. பீடிங் அந்த இடத்தில் விளிம்பை விட்டு நழுவியிருந்தது, அழுத்தி உட்காரவைத்துவிட்டேன். நேற்று இரவு முழுக்க மழை. காலையில் குழியில் கை வைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. பவுடர் வாசனைதான் அடித்தது.