ஒல்லியான உடம்பு, முதுகெலும்பில் 63 சதவீதம் கொழுப்பு: உங்கள் வீட்டிலும் இப்படி ரிப்போர்ட் வந்ததா?

பாலக்கோடு மருமகள்:
மாமியாருக்கு 61 வயது, தீராத இடுப்பு வலி. எடை 42 கிலோதான். தர்மபுரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனோம். தாலிக்கொடி, மெட்டி எல்லாம் கழற்றிவிட்டார், மூக்குத்தி மட்டும் அசையவில்லை. திருகாணி அப்படி இறுகிப் போயிருந்தது. டெக்னீசியன் பொண்ணு தேங்காய் எண்ணெய் விட்டு, பொறுமையாகத் திருகி எடுத்தது. ரிப்போர்ட்டில் டிஸ்க் தேய்மானம், அது தெரிந்ததுதான். அதற்குக் கீழே ஒரு வரி: இடுப்பு முள்ளெலும்புகளில் மஜ்ஜைக் கொழுப்பு (எலும்புக்குள் இருக்கும் மென்மையான பகுதியில் உள்ள கொழுப்பு) 63 சதவீதம், வயதுக்கு அதிகம். மாமனார் அன்றைக்கே கடலை எண்ணெயை நிறுத்தச் சொல்லிவிட்டார்!

எலும்பு டாக்டர் சிரித்தார். "சாப்பாட்டு எண்ணெய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. எலும்பு செல்லும் கொழுப்பு செல்லும் மஜ்ஜையில ஒரே தாய் செல்லுல இருந்துதான் வருது. வயசாக ஆக, மாதவிலக்கு நின்ன பிறகு இன்னும் வேகமா, கொழுப்புப் பக்கம் சாயும். ரொம்ப இளைச்சவங்களுக்கும் கூடும்" என்றார். உடம்பை வற்ற வற்றப் பட்டினி போடும் அனோரெக்சியா நோயாளிகளுக்கே மஜ்ஜைக் கொழுப்பு ஏறுமாம். எனக்கு அதுதான் ஆச்சரியம். அப்புறம் எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்சா ஸ்கேன் எடுக்கச் சொன்னார், எலும்பு பலமிழக்கும் எலும்புப்புரை என்று வந்தது. இப்போது மருந்து ஓடுகிறது. கடலை எண்ணெயும்தான்.

ஸ்கேன் ரூம்காரன், கிருஷ்ணகிரி:
அக்கா, டெக்சா பார்ப்பது சுண்ணாம்புச் சத்தை. நாங்கள் பார்ப்பது தண்ணீரும் கொழுப்பும். இரண்டிலும் ஹைட்ரஜன் இருக்கிறது, ஆனால் எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள் அது இரண்டிலும் ஒரே வேகத்தில் சுற்றாது. காந்த பலம் 1.5 டெஸ்லா உள்ள மெஷினில் கொழுப்பு நொடிக்குச் சுமார் 220 சுற்று பின்தங்கும். அதனால் 2.3 மில்லிசெகண்டில் இரண்டும் எதிரெதிராக நிற்கும், 4.6-ல் சேர்ந்துகொள்ளும். இந்த நேரங்களில் படம் பிடித்துக் கூட்டிக் கழித்தால் கொழுப்பு தனியாக, தண்ணீர் தனியாக வந்துவிடும். டிக்சன் என்பவர் 1984-ல் எழுதிய வழி, இன்றைக்கும் அதன் பெயரே டிக்சன்தான். கதிர்வீச்சு கிடையாது, இதற்கென்று ஊசியும் வேண்டாம். ஆனால் அசையக் கூடாது. சத்தத்துக்குப் பயந்து காலை ஆட்டுகிறவர்களிடம் நான் படும் பாடு இருக்கிறதே!

பென்னாகரத்தான்:
எங்கள் அப்பா ஃப்ளோரைடு அதிகமுள்ள தண்ணீர் குடித்தே வளர்ந்தவர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வருவதற்குள் பல், மூட்டு எல்லாம் போயிருந்தது. டெக்சாவில் எண் பிரமாதம், ஆனால் எலும்பு முறிந்தது. ஃப்ளோரைடு எலும்பை அடர்த்தியாகக் காட்டும், உறுதி இருக்காது என்று டாக்டர் சொன்னார். நம்ம ஊர்க்காரர்கள் தண்ணீர்க் கதையைச் சொல்லிவிட்டே டெக்சாவில் படுக்கலாம்.

அரூர் ராணி:
சித்திக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், ரேடியேஷன் முடிந்தது. பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கீழ் முதுகெலும்பு மட்டும் பளிச்சென்று வெள்ளை. நோய் பரவிவிட்டதோ என்று அழுதுவிட்டோம். ரேடியேஷன் பட்ட இடத்தில் மஜ்ஜை கொழுப்பாக மாறுவது வழக்கம்தானாம்.

ஸ்கேன் ரூம்காரன், கிருஷ்ணகிரி:
ஆமாம், டி1 என்கிற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் கொழுப்பு வெள்ளையாகத்தான் வரும். பெரியவர்களுக்கு மஜ்ஜை டிஸ்க்கை விடக் கறுப்பாக இருந்தால்தான் டாக்டர்கள் புருவம் உயர்த்துவார்கள். பாலக்கோடு அக்கா, அடுத்த முறை எடுத்தால் பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். இடுப்பில் கீழே போகப் போகக் கொழுப்பு கூடும். போன தடவை எல்1-ல் (இடுப்பின் முதல் முள்ளெலும்பு) அளந்ததை இப்போது எல்4-ல் (நான்காவது) அளந்தால், ஒன்றுமே மாறாமல் ஏறியதுபோல் தெரியும்.