வீட்டுக்கு வந்து பொருள்களை எடுத்துச் செல்லும் தொண்டு நிறுவனங்கள்: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எப்படிக் கொடுப்பது?

சாட்ஸ்வர்த் மகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சாட்ஸ்வர்த்தில் என் பெற்றோர் நெடுங்காலம் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டோம்; மாத இறுதிக்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். அவர்கள் ஃபீனிக்ஸில் தம்பி வீட்டுக்குப் போகிறார்கள், அங்கே இவ்வளவு சாமானுக்கு இடமில்லை. பெரிய ரூம் டிவைடர் (கூடத்தில் வைக்கும் பெரிய மர அலமாரி), மெத்தையோடு இரண்டு கட்டில், ஃபிரிட்ஜ், பாட்டியின் சக்கர நாற்காலி, அலமாரி நிறையப் புடவைகள் ஆகியவை மிஞ்சுகின்றன. விற்றுக் காசாக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. யாருக்காவது பயன்பட்டால் போதும். வேன் அனுப்பும் தொண்டு நிறுவனங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்களா, நாங்கள் முன்கூட்டி என்ன செய்து வைக்க வேண்டும், வருகிறவர்கள் உண்மையானவர்கள்தானா என்று எப்படி அறிவது என விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

டோங்காட்வாசி எழுதியது:

வணக்கம் தங்கச்சி. தொண்டுக் கடை ஒன்றில் வந்த பொருள்களைத் தரம் பிரிக்கும் வேலையில் உதவி வருகிறேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீராநோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸின் கடைகளும், விலங்கு நல அமைப்பான எஸ்.பி.சி.ஏ.வின் கடைகளும், சால்வேஷன் ஆர்மி என்னும் கிறித்தவத் தொண்டு அமைப்பும் நாம் கொடுப்பதை விற்று, அந்தப் பணத்தில்தான் நோயாளிகளையும் விலங்குகளையும் ஆதரவற்றோரையும் பார்த்துக்கொள்கின்றன. வேனுக்கான எண்ணெய்ச் செலவும் ஆள்கூலியும் அவர்கள் கையிலிருந்து போகின்றன. விலைபோகாத பொருளைக் குப்பைமேட்டில் சேர்க்கிற செலவும் அவர்கள் தலையில்தான் விழும். ஆகவே ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, எதை ஏற்பார்கள், உங்கள் பகுதிக்கு வேன் எந்த நாளில் வரும் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மாத இறுதியில் வீடு மாறுகிறவர்கள் அதிகம் என்பதால் இப்போதே பேசுவது நல்லது.

ரூம் டிவைடரைப் படம் எடுப்பதற்கு முன் அதன் பின்கால்களின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். மாவு போல நைசான தூள் ஒட்டினாலோ, குண்டூசித் தலையளவு துளைகள் தெரிந்தாலோ மரம் உளுத்துவிட்டது என்று பொருள். அதைக் கடைக்குள் விட்டால் பக்கத்திலிருக்கும் சாமானுக்கும் வண்டு பரவும். இந்தக் கரையோரத்தில் வீடு விற்கும்போது, மரத்தில் வண்டு இல்லை என்று காட்டும் வண்டுச் சான்றிதழ் கேட்பது வழக்கம் என்பது இப்போது வீட்டை விற்ற உங்களுக்குத் தெரிந்ததே. மரம் நல்ல நிலையில் இருந்தால், டிவைடரையும் கட்டில்களையும் பிரித்து வைத்து, திருகாணிகளை ஒரு பையில் போட்டு ஒரு தட்டின் மேல் ஒட்டிவிடுங்கள். திருகாணி தொலைந்த கட்டிலை யாரும் வாங்குவதில்லை.

ஃபிரிட்ஜை வேன் வருவதற்கு முந்தைய நாளே நிறுத்தி, ஐஸ் உருகியதும் துடைத்து, கதவைச் சற்றே திறந்து வையுங்கள். கறை படிந்த மெத்தையைக் கேட்கவே வேண்டாம், மறுத்துவிடுவார்கள். இழுப்பறைகளைக் கடைசியாக ஒருமுறை பாருங்கள்: அடையாள அட்டை நகலும் வங்கித் தாள்களும் குடும்பப் படங்களும் அங்கிருந்து எங்கள் கைக்கு வருவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

ஃபீனிக்ஸ் கணக்கர் எழுதியது:

நிறுவனம் உண்மையானதா என்று அறிய, லாப நோக்கற்ற அமைப்புகளுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சமூக மேம்பாட்டுத் துறையில் பதிந்த எண்ணைக் கேளுங்கள். வீட்டு வாசலில் வந்து நிற்பவரிடம் அல்ல, நீங்களே அலுவலகத்தை அழைத்துக் கேட்க வேண்டும்.

வருமான வரிக் கழிவு வேண்டுமானால் வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின் கீழ் ரசீது தரும் அனுமதி அந்த நிறுவனத்துக்கு இருக்க வேண்டும். எல்லாருக்கும் அது இல்லை. 2023 மார்ச் 1 முதல் கொடுப்பவரின் அடையாள எண்ணையும் வரி எண்ணையும் ரசீதில் எழுதுகிறார்கள். ஆனால் பழைய சாமானுக்குப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வாங்கிய விலையில் தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் மிஞ்சியிருக்கும் மதிப்பில் 20 விழுக்காடு வீதம் குறைத்து வரும் தொகை, இன்றைய சந்தை மதிப்பு, இவ்விரண்டில் எது குறைவோ அதையே கணக்கில் எடுப்பார்கள். 10,000 ரேண்டுக்கு வாங்கிய ஃபிரிட்ஜ் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 1,074 ரேண்டுக்கு இறங்கிவிடுகிறது.

மெரேபேங்க் செவிலி எழுதியது:

சக்கர நாற்காலியை மற்றச் சாமானோடு சேர்த்து அனுப்பாதீர்கள் அம்மா. ஹாஸ்பிஸில் வீட்டுக்கு இரவலாகக் கொடுக்கும் உபகரணங்கள் எப்போதும் தேவைப்படும். பிரேக்கும் டயரும் எப்படியிருக்கின்றன என்று சொல்லி நேராக அவர்களிடம் ஒப்படையுங்கள். பாட்டியின் மருந்துகள் மிஞ்சியிருந்தால் அவற்றை யாருக்கும் கொடுக்காமல் மருந்துக்கடையில் சேர்த்துவிடுங்கள்.

சாட்ஸ்வர்த் மகள் எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னபடி பார்த்தோம். டிவைடரின் ஒரு பின்காலில் தூள் இருக்கிறது. அதை அனுப்பப் போவதில்லை. புடவைகளை மட்டும் என்ன செய்வது என்று அம்மா கேட்கிறார்.

டோங்காட்வாசி எழுதியது:

பட்டுப் புடவைகளையும் பருத்திப் புடவைகளையும் தனித்தனியாகக் கட்டி வையுங்கள். ஈரவாடை ஏறியவற்றை வெயிலில் உலர்த்திய பிறகே கட்டுங்கள். தீபாவளிக்கு முன் புடவைகள் விரைவாக விற்கும் என்பதால் நல்லவற்றைக் கடை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளும். அன்றாடம் உடுத்தும் பருத்திப் புடவைகளுக்கு, 1921-இல் தொடங்கிய ஆரியன் பெனவலென்ட் ஹோம் என்னும் ஆதரவு இல்லம் உங்கள் சாட்ஸ்வர்த்திலேயே இருக்கிறது. அங்குள்ள முதியோருக்கு இப்போது என்ன தேவை என்று முதலில் கேட்டுக்கொண்டு எடுத்துச் செல்லுங்கள்.